எதுக்கும் அக்காவின் கண்ணாடிக் குழாய்

எந்த மூடியையும் என் நாத்தனார் நேருக்கு நேர் நின்று திறந்து நான் பார்த்ததில்லை. சோடா பாட்டிலானாலும் சரி, வெந்நீர் ஃபிளாஸ்கானாலும் சரி, உடம்பை ஒரு பக்கம் ஒதுக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டித் திருகுவார். கல்யாணமாகி வந்த புதிதில், என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல்தான் திருப்பிக்கொள்கிறார் என்று நினைத்தேன். எண்ணெய் பாட்டிலைக் கையில் கொடுத்ததும் ஒருவர் வேறு பக்கம் பார்த்தால் என்னதான் நினைப்பது? சில வருஷம் கழித்து அவர் வேலை செய்யும் இடத்துக்கே நானும் வேலைக்குப் போனேன். அங்கேதான் அது வெறுப்பு இல்லை, தொழில் என்று தெரிந்தது.

நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். ஆராய்ச்சிக்கூடத்தில் உயர் அழுத்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. இயந்திரம் என்றால் சக்கரமும் பெல்ட்டும் சுற்றுகிற சமாசாரம் இல்லை. ஒரு சுவர் முழுக்க எஃகுக் குழாய்கள், நடுநடுவே வால்வுகள், முள் வைத்த மீட்டர்கள். ஒரு முனையில் ஆளுயர வாயு சிலிண்டர்கள், மறு முனையில் உடையாத பிளாஸ்டிக் மறைப்பு போட்ட ஒரு கூண்டு. அந்தக் கூண்டுக்குள்தான் பென்சில் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்துவார். குழாயின் அடியில் ஆராய்ச்சிக்காரர்கள் கலந்து கொடுத்த திரவம் கொஞ்சம் இருக்கும். அதன் மேல் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வேண்டிய அழுத்தம் வந்ததும் குழாயின் தலையிலுள்ள திருகை மூடி, பத்திரமாக எடுத்துப் பக்கத்து அறைக்குக் கொடுக்கவேண்டும். அங்கே என்.எம்.ஆர் என்று ஒரு பெரிய காந்தம் இருக்கிறது. குழாய் அதற்குள் இறங்கியதும், அத்தனை அழுத்தத்தில் அந்தத் திரவம் உள்ளுக்குள் என்ன செய்கிறது என்பதைக் காந்தம் கம்ப்யூட்டரில் கோடு கோடாக வரைந்து காட்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் ஏழாவதோடு நின்றவள். என் வேலை, அந்தக் குழாய்களைக் கழுவுவது.

அண்ணிக்கு அங்கே வைத்திருக்கும் பெயர் ‘எதுக்கும் அக்கா’. மீட்டரின் முள் பூஜ்யத்தில் நின்றாலும் விரலால் ஒரு தட்டு தட்டி, “எதுக்கும் இன்னொரு தடவை பாத்துக்கலாம்” என்பார். இணைப்பு இறுகியிருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். வரவில்லை என்றால், “எதுக்கும்” என்று மறுபடியும் தடவுவார். சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஒருநாள் பொறுக்க முடியாமல், “அக்கா, என்னையும் சோப்புத் தண்ணி போட்டுப் பாத்துருங்க, எங்கயாவது ஒழுகுறேனோ என்னவோ” என்றார். அண்ணி சிரிக்கவில்லை. “நீ ஒழுகுறது வாயிலன்னு எனக்கு முன்னாடியே தெரியும்” என்றார்.

அவர் ஃபிட்டர் வேலை படித்தவர். வகுப்பில் ஒரே பெண். கம்ப்ரஸர் பழுது பார்க்கும் பட்டறையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு இங்கே வந்தார். நடுவில் கல்யாணமும் ஆனது. இரண்டு வருஷம்போல புருஷன் வீட்டில் இருந்தார். பிறகு ஒரு மத்தியானம் தன் ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாராம். என்ன ஆச்சு என்று கேட்ட என் மாமியாரிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: “சோப்புத் தண்ணி வெச்சேன், குமிழி வந்துச்சு.” அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

குழாய் கழுவ ஆள் தேவைப்பட்டபோது என்னைச் சொன்னது அண்ணிதான். “பேசாம இருக்கும், கை நடுங்காது” என்று சிபாரிசு செய்தார். புகழ்ச்சியா குறையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தக் குழாய்கள் பார்க்க சாதாரணம், ஆனால் சுவர் தடித்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தாலும் அழுத்தத்தில் அங்கிருந்துதான் பிளக்கும். அதனால் கம்பி வைத்த பிரஷ்ஷை நான் தொடமாட்டேன். அசிட்டோன் ஊற்றி அலசி, படுக்கை வசத்தில் காயவைத்து, மெத்தென்ற துணி விரித்த தட்டில் ஒன்றோடொன்று உரசாமல் அடுக்குவேன். என் கழுவும் அறைக்கும் அண்ணியின் அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஜன்னல், அதன் கீழே ஒரு அலமாரி. தட்டை அதில் வைத்துவிட்டால் அண்ணி அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்வார். சில ஆராய்ச்சிக்காரர்கள் குழாயைத் தாங்களே கழுவி நேராக அவரிடம் கொண்டுபோவார்கள்.

யார் குழாயானாலும், பொருத்துமுன் கறுப்புத் துணிக்கு எதிரே பிடித்து, விளக்கடியில் உருட்டி உருட்டிப் பார்க்கவேண்டும். அது அங்கே சட்டம். ஆராய்ச்சிக்காரர்கள் கொண்டுவருவதை அவர்கள் எதிரிலேயே பார்ப்பார். “இது என்னக்கா, பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறீங்க?” என்று கேட்பார்கள். “பொண்ணு வெடிக்காது” என்பார். என் தட்டிலிருந்து எடுத்ததை அவர் விளக்கடிக்குக் கொண்டுபோய் நான் பார்த்ததே இல்லை. ஜன்னல் வழியாக இதை வெகுநாளாகக் கவனித்துவந்தேன். என் எதிரில் பார்த்தால் எனக்குச் சுருக்கென்றிருக்கும் என்று, நான் அந்தப் பக்கம் நகர்ந்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்கிறார் என்றே முடிவு கட்டியிருந்தேன். முள்ளையே நம்பாதவர் என் கையையா நம்பப்போகிறார்?

குழாய் வெடித்தது ஒரு காலை வேளையில்.

பெரிய கதவை யாரோ ஓங்கி அறைந்த மாதிரி சத்தம். நான் நிமிர்ந்து பார்த்தபோது கூண்டின் மறைப்பு உள்பக்கம் முழுக்க வெள்ளைப் புள்ளிகளாக இருந்தது. அண்ணி வழக்கம்போல ஒதுங்கித்தான் நின்றிருந்தார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலிண்டரை மூடினார், வரிசையாக வால்வுகளைத் திறந்து மிச்சமிருந்த வாயுவை வெளியேற்றினார். எல்லாம் நிதானமாகத்தான் செய்தார். பிறகு உடைந்த குழாயைப் பார்க்காமல், திரும்பி ஜன்னல் வழியாக நேராக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

பொறுப்பாளர் மேடம் உடனே வந்தார். கத்துகிறவர் இல்லை, நிதானமானவர். அதுதான் பயமாக இருந்தது.

“ரெண்டுல ஒண்ணுதான் நடந்திருக்கணும்” என்றார். “ஒண்ணு, குழாய்ல ஏற்கனவே கீறல் இருந்திருக்கணும். இல்லாட்டி, அழுத்தத்தை வேகமா ஏத்தியிருக்கணும். கூண்டுக்குள்ள வெடிச்சதால தப்பிச்சோம். இதே காந்தத்துக்குள்ள போய் வெடிச்சிருந்தா, யோசிச்சுப் பாருங்க. காரணம் தெரியற வரைக்கும் இந்த வாயு லைனைப் பூட்டி வெக்கறேன். தப்பு யாரோடதோ, அவங்க மறுபடியும் இந்த வேலைக்கு வேண்டாம்.”

கீறல் என்றால் நான். வேகம் என்றால் அண்ணி. அறையிலிருந்த எல்லோருக்கும் அது புரிந்தது. ஒரே வீட்டிலிருந்து, ஒரே பேருந்தில் வருகிற இரண்டு பேரில் ஒருத்திக்கு இனி இங்கே வேலை இல்லை.

அன்று சாயங்காலம் அடுப்படியில் நான் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அண்ணி பக்கத்தில் வந்து நின்றார். என் கையையே பார்த்தார்.

“மோதிரத்தைக் கழட்டிட்டுத்தான கழுவுவ?”

“ஆமா அண்ணி. கழட்டி டப்பாவுல போட்டுருவேன்.”

“எந்த டப்பா?”

“சோப்பு டப்பா.”

“தினமுமா?”

“தினமும்தான்.”

“எதுக்கும் கேட்டேன்.”

முறுக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் குறுக்கே விழுந்தார். “ஏன்க்கா, நான் போட்ட மோதிரம் கண்ணாடியக் கீறுமாக்கும்? அது தங்கந்தானான்னே எனக்கு இன்னும் சந்தேகம்.”

“உன்னை யாரு கேட்டா? தட்டைப் பாத்துச் சாப்பிடு.”

“நல்ல வீடுடா இது. உப்பு போட்டது யாருன்னு கேட்டாக்கூட வக்கீல் வெச்சுக்கணும்போல.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷத்தில் என் மோதிரத்தைப் பற்றி அண்ணி கேட்டதில்லை. இப்போது கேட்கிறார் என்றால், மேடத்திடம் போய்ச் சொல்ல ஏதோ ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. மாவு கையில் ஒட்டிக்கொண்டே இருந்தது.

அடுத்த நாள் ஸ்டோருக்குப் போய் அசிட்டோன் கேன் வாங்கிக்கொண்டு திரும்பினேன். என் கழுவும் அறையில் அண்ணி நின்றிருந்தார். தொட்டியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். தட்டிலிருந்த துணியைத் தூக்கி அடியில் பார்த்தார். தட்டின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தார். நான் வந்தது தெரிந்ததும் துணியைப் பழையபடி விரித்துவிட்டு, “எதுக்கும் பாத்தேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அப்போதுதான் எனக்கும் அவர் மேல் சந்தேகம் வந்தது. தப்பு தன் பக்கம் இல்லை என்று தெரிந்தவர் ஏன் இப்படி என் இடத்தில் வந்து தேடவேண்டும்? வெடித்த அன்று அவருக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் வேலை செய்தார். ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வேறு, “அக்கா, இன்னும் எவ்வளவு நேரம்?” என்று வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நல்ல உயரம், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுவார்கள். அந்த அவசரத்தில் வால்வைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்திருந்தால்? நான் உட்காருகிற இடத்திலிருந்து அண்ணியின் முதுகுதான் தெரியும், மீட்டரின் முள் தெரியாது. ஆனாலும் யோசிக்க யோசிக்க, அந்த முள் சட்டென்று ஏறியதை என் கண்ணாலேயே பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

பேருந்து நிறுத்தத்தில் மெல்லக் கேட்டேன். “அண்ணி, அன்னைக்கு உங்களுக்கு ஜலதோஷம் இல்ல?”

“அதுக்கு?”

“இல்ல, சும்மாதான்.”

“சும்மா எதையும் கேக்கற ஆளு இல்லையே நீ.”

அதன் பிறகு பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தும் பேசவில்லை. வீட்டில் அவர் ஊற்றி வைத்த காபியை நான் குடிக்காமல் வேறு போட்டுக்கொண்டேன். நான் மடித்து வைத்த துணியை அவர் பிரித்து மறுபடி மடித்தார். என் வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் பாத்திரத்தைத் தானே தேய்த்து வைத்தார். அவர் பாத்திரம் தேய்த்தால் வீட்டில் நிலைமை சரியில்லை என்று அர்த்தம்.

மேடம் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். போகிற வழியில் நான் சொல்லவேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டேன். மோதிரம் கழற்றுவது, துணி விரிப்பது, பிரஷ் தொடாதது. கடைசியில், கேட்டால் மட்டும், ஜலதோஷம்.

மேடத்தின் அறையில் நெட்டையும் இருந்தார். வெடித்தது அவருடைய திரவம் இருந்த குழாய். கூண்டிலிருந்து பொறுக்கிய சில்லுகளை மேடம் மைக்ரோஸ்கோப்பில் வைத்து, பக்கத்துத் திரையில் பெரிதாகக் காட்டினார். நீளமாக, அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கீறல்.

கீறல் என்றால் நான்.

“பாருங்க, உடையறது இங்கேர்ந்துதான் ஆரம்பிச்சிருக்கு” என்றார் மேடம். “இந்த இடத்துலேர்ந்து விசிறி மாதிரி விரிஞ்சு போகுது. அழுத்தம் ஏத்தின வேகத்தால இல்ல, இந்தக் கீறலாலதான்.” என் முகத்தைப் பார்த்திருப்பார்போல. உடனே சொன்னார். “பயப்படாதீங்க. கழுவறப்ப உரசி விழற கீறல் இப்படி நேரா இருக்காது. இது வெளிப்பக்கம். பக்கத்துல பழுப்பா ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க, அது பசை. யாரோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க. அதை பிளேடால சுரண்டியிருக்காங்க.”

நெட்டை நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

“மேடம்... நான்தான்” என்றார். “அலமாரியிலருந்து ஒரு குழாய் எடுத்து ஸ்டிக்கர் ஒட்டினேன். நம்பர் தப்பா எழுதிட்டேன். அப்புறம் எனக்கு அந்தக் குழாய் வேண்டாம்னு ஆயிடுச்சு. சுரண்டிட்டு, உபயோகிக்கலையே, சுத்தமாத்தானே இருக்குன்னு அதே தட்டுல திருப்பி வெச்சுட்டேன். சாப்பாட்டு நேரம், அங்க யாரும் இல்ல. கடைசில அது என் சேம்பிளுக்கே வந்திருக்கு.”

“பிளேடால சுரண்டக்கூடாதுன்னு தெரியாதா?”

“கண்ணாடில பிளேடு கீறாதுன்னு நெனச்சேன் மேடம்.”

“கண்ணாடிய பிளேடு கீறாது சரி. பிளேடுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மாட்டற மண் துகள் கீறும்ல?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத் தலையிலிருந்து மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. நான் இல்லை, அண்ணியும் இல்லை. எழுந்து போய் எதையாவது கழுவலாம்போல இருந்தது. ஆனால் மேடம் எங்களைப் போகச் சொல்லவில்லை. அண்ணியைப் பார்த்தார்.

“இவ்ளோ நீளக் கீறல் விளக்கடியில கண்டிப்பா தெரிஞ்சிருக்கும். பொருத்தறதுக்கு முன்னாடி பாத்தீங்களா?”

பார்த்தேன், அப்போது தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பக்கத்தில் யாரும் நின்று பார்க்கவில்லை. நெட்டை வாசலில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். நான் தொட்டியில் குனிந்திருந்தேன். இல்லை என்று சொல்ல ஒரு ஆளும் கிடையாது.

அண்ணி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“பாக்கல மேடம்.”

“பாக்கலையா? நீங்களா?”

“அது அவ தட்டுல இருந்துச்சு.” என்னைக் கையால் காட்டினார், முகத்தைத் திருப்பவில்லை. “அவ கழுவி வெச்சதை நான் என்னைக்குமே பாத்ததில்ல. அப்படியே எடுத்து மாட்டிருவேன்.”

“என்னைக்குமேன்னா?”

“அவ வேலைக்கு வந்த கொஞ்ச நாள் பாத்தேன். ஒண்ணுலயும் ஒண்ணும் இல்ல. அப்புறம் விட்டுட்டேன்.”

மேடம் கொஞ்ச நேரம் பேனாவை மேஜையில் உருட்டிக்கொண்டிருந்தார். அண்ணியை அவருக்குப் பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

“அவங்க ஒழுங்காத்தான் கழுவறாங்க” என்றார் கடைசியில். “ஆனா தட்டு அலமாரியில இருக்கு. அலமாரி எல்லாருக்கும் பொது. உங்களுக்கு இதை நான் சொல்லித் தரணுமா?”

“வேண்டாம் மேடம்.”

“அன்னைக்கே சொன்னேன், தப்பு யாரோடதோ அவங்க வேண்டாம்னு.”

“ஆமா, சொன்னீங்க.”

நெட்டை எழுந்து, “மேடம், சுரண்டினது நான். அக்கா இல்ல” என்றார். மேடம் அவரையும் விடவில்லை. பாதுகாப்புப் பயிற்சி முதலிலிருந்து முடிக்கும்வரை அவருக்குக் குழாயும் கிடையாது, காந்தமும் கிடையாது என்றார். வெளியே வந்ததும் அவர் அண்ணியிடம் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அண்ணி முந்திக்கொண்டார். “தம்பி, அடுத்த தடவ வேண்டாத குழாயை என் கையில குடு. தட்டுல வெக்காத.” சொல்லிவிட்டு, அடுத்த தடவை தன் கை அங்கே இருக்காது என்பது ஞாபகம் வந்தவர்போல நிறுத்தினார்.

பேருந்தில் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்தார். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். வழக்கமாக நான் ஆரம்பிப்பதில்லை.

“பாத்தேன்னு சொல்லியிருக்கலாமே அண்ணி.”

“சொல்லியிருந்தா?”

“லைன் உங்ககிட்டயே இருந்திருக்கும்.”

“பாத்தும் தெரியலன்னா கண்ணு போச்சுன்னு அர்த்தம். பாக்காம விட்டேன்னா புத்தி போச்சுன்னு அர்த்தம். புத்தின்னா திரும்பி வரும். கண்ணு வருமா?”

கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டேன். “சத்தம் கேட்டதும் என்னைத்தானே பாத்தீங்க? நான்தான் செஞ்சேன்னு நெனச்சீங்க இல்ல?”

“உன் தட்டுக் குழாயைப் பாக்காம மாட்டிட்டோம்னு அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு. அதான் திரும்பினேன்.” பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். “அப்புறந்தான் உன் மேல சந்தேகம் வந்துச்சு. தொட்டி, துணி, மோதிரம், எல்லாம் பாத்தேன். ஒண்ணும் கிடைக்கல. கிடைச்சிருந்தாக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும், பொய் சொல்லல.”

“நானும் உங்களைத்தான் நெனச்சேன்.”

“தெரியும். ஜலதோஷம் கேட்டியே.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அண்ணி அவரை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, தன் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் டிவியை அணைத்தார். பிறகு, “அக்கா, என்னைக்கூட நீ இப்படி நம்பினதில்லையே” என்றார்.

“உன்னை எதுக்குடா நம்பணும்?” என்றார் அண்ணி. “உன்னை வளத்ததே நான்தான்.”

மேடம் மாற்றிவிட்டதில் அண்ணி இப்போது ஆராய்ச்சிக்கூடத்து ஸ்டோரில் இருக்கிறார். கையுறை, ரப்பர் வளையம், திருகு கேட்டு வருகிறவர்களிடம் பழையது எங்கே என்று கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் புதியது கொடுக்கிறார். உயர் அழுத்த இயந்திரத்தை வேறு கட்டடத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் பார்த்துக்கொள்கிறார். அலமாரிக்கு இப்போது கதவும் பூட்டும் போட்டாயிற்று. சாவி ஒன்று என்னிடம், ஒன்று அந்தப் புதியவரிடம். பழைய வேலை அண்ணிக்குத் திரும்பக் கிடைக்குமா என்று மேடம் இன்னும் சொல்லவில்லை. அண்ணியும் கேட்கவில்லை.